ஆறு ஞாயிறு கையில் இருக்கிறது: அளவை படிக்க எந்த வாசல்?

எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். மாதத்தில் இரண்டு ஞாயிறு சிங்கப்பூரில் தோ பாயோ பக்கம் ஒரு நூலக அறையில் இரண்டு மணி நேரம் உட்காருவோம். அப்புறம் கீழே காப்பிக்கடையில் இன்னும் ஒரு மணி நேரம். உருப்படியான பேச்சு அங்கேதான் நடக்கும். போன மாதம் அங்கே ஒரு சண்டை. குழாய்த் தண்ணீரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த ஏதோ ஒரு செய்தியை ஒருவர் படித்துக் காட்டினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இன்னொருவர் கேட்டார். "உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று இவர் திருப்பினார். தே தாரிக் ஆறிப் போனது. எங்களோடு இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்தான் கடைசியில் சொன்னார்: "தம்பி, இந்தக் கேள்விக்குப் பெரிய படிப்பே இருக்கு. அடுத்த ஆறு ஞாயிறு அதைப் படிச்சிடுவோம்."

அளவை படிப்பது என்று முடிவாகிவிட்டது. எந்த நூலை எடுப்பது என்பது முடிவாகவில்லை. ஒப்பிட்டுச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இதே மாதிரி ஒரு குழு வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று திணறுகிறவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அளவை என்பதை வடமொழியில் பிரமாணம் என்பார்கள். அரிசியை அளக்கப் படி இருப்பதுபோல, ஒன்றைச் சரியாக அறிந்தோமா என்று அளக்க எதையெல்லாம் கருவியாக ஒப்புக்கொள்வது என்பதே கேள்வி. உலகமே மெய் என்ற உலோகாயதர், புலன்களால் நேரே அறியும் காட்சி ஒன்று போதும் என்பார்கள். பௌத்தரும் வைசேடிகரும் அதோடு, ஒன்றைக் கொண்டு இன்னொன்றை ஊகித்தறியும் அனுமானத்தைச் சேர்த்து இரண்டு. சாங்கியரும் யோகரும் உரையை, அதாவது நம்பத்தக்கவர் சொல்லை, சேர்த்து மூன்று. தருக்க மரபான நியாயம் ஒப்புமையால் அறியும் உவமானத்தோடு நான்கு. வேத வாக்கியங்களை ஆராயும் மீமாம்சையில் பிரபாகரர் வழி ஐந்து, குமாரிலபட்டர் வழி ஆறு. அத்வைதமும் ஆறைத்தான் பின்பற்றுகிறது. எட்டு, பத்து என்று எண்ணியவர்களும் உண்டு.

இந்த எண்ணிக்கையைப் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் முதல் ஆலோசனை. தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறவர்களுக்குத்தான் அது உதவும். இரண்டு என்று சொல்கிற பௌத்தர் மற்றவற்றை வீசியெறிவதில்லை, அனுமானத்துக்குள் மடித்து வைத்துக்கொள்கிறார். பத்து என்று சொல்கிறவர் அதே துணியைப் பிரித்து உதறிக் காட்டுகிறார். அதனால் நான் வேறு ஒரு கேள்வியை உரைகல்லாக எடுத்துக்கொண்டேன். பிறர் சொல்லி நாம் அறிவது எந்தக் கணக்கில் வருகிறது?

இந்த ஊரில் அதுதான் பெரிய கேள்வி. பேருந்து இன்னும் மூன்று நிமிடத்தில் வரும் என்று பலகை சொல்கிறது, நம்புகிறோம். காற்று இன்று எப்படி என்று கைப்பேசியில் ஓர் எண் சொல்கிறது, பிள்ளையை விளையாட விடுகிறோம். குழாயில் வரும் நீரில் எவ்வளவு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காலையிலிருந்து இரவுவரை பிறர் சொல்லை வைத்துத்தான் நாள் ஓடுகிறது. இதைப் பற்றி நன்றாகப் பேசுகிற நூல்தான் எங்களுக்கு வேண்டும்.

முதலில் வந்த யோசனை தருக்க சங்கிரகம். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதியது. தொடக்கநிலை மாணவர் எளிதில் புரிந்துகொள்ளட்டும் என்று எழுதியதாக அவரே சொல்கிறார். நியாயத்தையும் வைசேடிகத்தையும் சேர்த்துச் சுருக்கித் தந்த கையடக்க நூல். மாதவச் சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் தந்திருக்கிறார். எங்கள் குழுவில் மென்பொருள் வேலை செய்யும் இரண்டு பேருக்கு இதுதான் பிடித்தது. பட்சம் (எதைப் பற்றிய வாதம்), சாத்தியம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), வியாத்தி (ஏது இருந்தால் சாத்தியமும் இருக்கும் என்ற நியதி) என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பெட்டியில் இருக்கும். உறுதிமொழி, ஏது, எடுத்துக்காட்டு, உபநயம் (பொருத்திக் காட்டல்), நிகமனம் (முடிவு) என்று ஐந்து படியில் வாதத்தை அடுக்கச் சொல்லும்.

அந்த ஐந்து படிக்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் மலையும் புகையும். மலையில் தீ இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது. எங்கே புகையோ அங்கே தீ, அடுக்களைபோல. சரி, இதைச் சிங்கப்பூரில் சொல்லிப் பாருங்கள். 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. எதிர் புளோக் தெரியவில்லை. எங்கள் வீட்டு அடுக்களையில்கூடப் புகைநாற்றம். இங்கே நமக்கு மலை என்று இருப்பது சுமார் 164 மீட்டர் உயரமுள்ள புக்கித் தீமா ஒன்றுதான். அன்று அங்கேயும் புகை. ஆனால் அங்கே தீ இல்லை. தீ கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் எரிந்துகொண்டிருந்தது.

அப்படியானால் இரண்டாயிரம் வருட உதாரணம் பொய்த்துவிட்டதா? இல்லை. நியாய நூலார் ஏதோ ஒரு புகையைச் சொல்லவில்லை; அடி அறுபடாமல் அந்த இடத்திலிருந்தே எழும் புகையைத்தான் ஏதுவாகக் கொள்கிறார்கள். மிதந்து வந்து தேங்கிய புகை அந்த ஏது ஆகாது. இந்தச் சின்ன நிபந்தனையை இந்தியாவில் உட்கார்ந்து படித்தபோது நான் கவனிக்கவே இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நின்ற அந்த வாரத்தில்தான் உறைத்தது.

உரை பற்றிய பகுதி இந்த நூலில் சிறியது, ஆனால் கூர்மையானது. ஆப்தருடைய வாக்கியமே சப்தம், அதாவது உரை அளவை. உள்ளதை உள்ளபடி சொல்பவர் ஆப்தர். அப்புறம் மூன்று நிபந்தனை. "பசு, குதிரை, ஆள், யானை" என்று சொற்களை அடுக்கினால் ஒன்றை ஒன்று அவாவாது, அறிவு பிறக்காது. "தீயால் நனை" என்றால் பொருள் பொருந்தாது. "பசுவை" என்று இப்போது சொல்லி, "கொண்டுவா" என்று ஒரு சாமம் கழித்துச் சொன்னால் அதுவும் ஆகாது. என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் பேசுவது இந்தக் கடைசி வகை. இன்னொன்று: நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஆப்தர் என்பதற்கான இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்கிறார். அறிந்தவராக இருக்க வேண்டும், அறிந்ததை அப்படியே சொல்ல விரும்ப வேண்டும், அவ்வளவுதான். குலம் கேட்கவில்லை. இதைப் பின்னால் மறுபடி எடுப்பேன்.

குறை என்னவென்றால், நூல் வறட்சியானது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு, இதைப் படித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மூன்றாவது ஞாயிறு நாலு பேர்தான் வருவார்கள் என்பது என் அனுமானம். வியாத்திக்கு முந்தைய அனுபவம் உண்டு.

ஆசிரியருக்குச் சிவஞான சித்தியார்மேல்தான் பிடிப்பு. அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சைவ சித்தாந்த நூல். தன் கட்சியை நாட்டும் சுபக்கம் என்ற பகுதியின் தொடக்கத்தில் அளவைக்கு மட்டும் 14 பாட்டு. முதல் பாட்டே காண்டல் (காட்சி), கருதல் (அனுமானம்), உரை, அபாவம் (இல்லாமையை அறிவது), பொருள் (சொன்னதிலிருந்து சொல்லாததைக் கொள்வது), ஒப்பு (உவமானம்) என்று ஆறு சொல்லி, அதற்கு மேலும் நான்கைச் சொல்லி, எல்லாமே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று முடித்துவிடும். இதைவிடச் சிக்கனமாக யாரும் சொன்னதில்லை. காட்சியை வாயிற் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்று நான்காகப் பிரிப்பதும் அருமை. தன்வேதனை என்பது இன்பதுன்பம் நமக்கே தெரிவது; பல்வலி இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அறுவர் எழுதிய விளக்கவுரை இருப்பதால் முட்டிக்கொள்ளவும் வேண்டியதில்லை. 14 பாட்டு, ஆறு ஞாயிறு, கணக்கும் ஒத்துவருகிறது.

ஆனால் என் உரைகல்லில் இது கொஞ்சம் வழுக்குகிறது. சித்தியார் உரை என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது இறைவன் அருளிய ஆகமம். தந்திரம், மந்திரம், உபதேசம் என்று அதைப் பிரிப்பதிலேயே அது தெரியும். பேருந்து நிறுத்தப் பலகையும் பக்கத்து வீட்டுக்காரரும் அவருக்கு முக்கியமில்லை. சைவத்தை அறிய வருகிறவருக்கு அது குறையே இல்லை. எங்கள் குழுவில் இரண்டு பேர் முஸ்லிம்கள், ஒருவர் எதையும் நம்பாதவர். காப்பிக்கடைச் சண்டையைத் தீர்க்க வந்தவர்களுக்கு முதல் நூலாக இது பொருந்தாது என்று ஆசிரியரிடமே சொன்னேன். "முதல் நூலாகத்தானே பொருந்தாது?" என்று கேட்டுவிட்டு அவர் வடையை எடுத்துக்கொண்டார்.

உலோகாயதத்தைத் தனியாக எடுக்க முடியாது. அவர்களைப் பற்றி மறுத்தவர்கள் எழுதிவைத்ததே அதிகம். ஐயவாதி ஜயராசி பட்டரின் நூல் ஒன்று கிடைத்திருக்கிறது. அவர் காட்சியைக்கூட விட்டுவைக்கவில்லை. எங்கள் சண்டைக்கு அது எண்ணெய்.

மீமாம்சைதான் எனக்கு மனக்கஷ்டம். நியாயத்தாரோடு அவர்களுக்குள்ள பெரிய வழக்கு எண்ணிக்கையைப் பற்றியது இல்லை. ஓர் அறிவு உண்டானதும் அது தானாகவே சரியானது; மறுக்க ஒன்று வரும்வரை அப்படியே நிற்கும் என்பது மீமாம்சையர் கட்சி. இல்லை, அறிவு சரிதானா என்பதை வெளியிலிருந்து வேறொன்றைக் கொண்டுதான் தேற வேண்டும் என்பது நியாயக் கட்சி. வாட்ஸ்அப் சண்டையே இதுதான். ஒருவர், தப்பு என்று காட்டும்வரை சரி என்கிறார். மற்றவர், சரி என்று காட்டும்வரை வைத்திரு என்கிறார். "எல்லாவற்றையும் சோதித்துத்தான் நம்புவேன்" என்று சொல்வது வீரமாக இருக்கும்; ஆனால் சோதிக்கும் அறிவை எதைக் கொண்டு சோதிப்பது என்று மீமாம்சையர் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இவ்வளவு சுவையான விஷயத்துக்கு எங்கள் கைக்கு அடங்கும் எளிய தமிழ் நூலாக எதுவும் அகப்படவில்லை. குமாரிலரின் சுலோக வார்த்திகத்தைத் திறக்க வடமொழி தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால்தான் சரிப்படும்.

கடைசியில் மணிமேகலை. முப்பது காதைகளில் 27ஆவதும் 29ஆவதும். பள்ளியில் மணிமேகலை என்றால் அமுதசுரபி, ஆதிரை, பசிப்பிணி என்று படித்துவிட்டு இந்த இரண்டையும் தாண்டிப் போயிருப்போம். நானும் அப்படித்தான்.

27ஆம் காதையில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் வஞ்சி நகரில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் போய் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். முதலில் வருகிறவரே அளவைவாதி. வேதவியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று கணக்கைச் சொல்லிவிட்டுப் பத்துக்கும் உதாரணம் தருகிறார். கருமேகம் பார்த்து மழை வரும் என்பது அனுமானத்தில் ஒரு வகை. வெள்ளம் பார்த்து மேலே மழை பெய்தது என்பது இன்னொன்று. ஆய்க்குடி கங்கையில் இருக்கிறது என்றால் கரையில் என்று எடுத்துக்கொள்வது அருத்தாபத்தி. இராமன் வென்றான் என்றால் இராவணன் தோற்றான் என்பது மீட்சி. இரும்புக் கோல் திரும்புவதைப் பார்த்து அருகே காந்தம் இருக்கிறது என்பது உள்ளநெறி. இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்வது ஐதிகம். புளோக்குக்குப் பின்னால் இருக்கும் ஆலமரத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகள் சொல்வது இதே ஐதிகம்தான், பேயின் பெயர் மட்டும் மலாய்.

எனக்குப் பிடித்தது பத்துக்கு அடுத்து வரும் எட்டு. அளவைபோலத் தோன்றி ஏமாற்றுபவை எட்டு என்று அளவைவாதி சொல்கிறார்: சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. இப்பியை வெள்ளி என்று எடுத்துக்கொள்வது திரிபு. கட்டையா ஆளா என்று தடுமாறுவது ஐயம். யோசிக்காமல் ஆள்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். புலி பக்கத்தில் வந்ததைக் கண்டும் அறியாமல் நிற்பது கண்டுணராமை. நான் இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் உணவங்காடி நிலையத்தில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட் ஒன்றைக் கண்டேன், யாரோ இடம் பிடித்து வைத்த அடையாளம் அது என்று அறியாமல் நகர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். கோழிச் சோற்றுத் தட்டோடு ஒரு பாட்டி வந்து நின்றதும்தான் புலி தெரிந்தது.

மாதிரிக்காக இந்தப் பகுதியைப் போன ஞாயிறு காப்பிக்கடையில் சத்தமாகப் படித்தோம். கடைசிக் குற்றமான நினைப்புக்கு நூல் தரும் உதாரணம் இது:

"காரணம் நிகழாது
நினக்குஇவர் தாயும் தந்தையும் என்று
பிறர்சொலக் கருதல்"

எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய ஓர் அக்கா இருக்கிறார். சீனக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாகவே ஒரு தமிழ்க் குடும்பத்துக்குத் தத்து வந்தவர். அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் இது நடந்ததுதான். தேவாரம் அவருக்கு எங்கள் எல்லாரையும்விட அதிகம் தெரியும். இந்த வரியைக் கேட்டதும் கையிலிருந்த தாளை வாங்கி இன்னொரு தடவை படித்தார்.

"எனக்குப் பன்னிரண்டு வயசில, பக்கத்து வீட்டு அம்மாதான் சொன்னாங்க. இவங்க உன்னைப் பெத்தவங்க இல்லைன்னு. அதுக்கு முன்னாடி எல்லாரும் இவங்கதான் அம்மா அப்பான்னு சொன்னாங்க. ரெண்டுமே பிறர் சொன்னதுதான். எது நினைப்பு?"

யாரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். "தினமும் கண்ணாடி பார்த்துத்தானே தலை சீவினேன். அது எந்தக் குற்றம், சார்?"

"கண்டுணராமை," என்றார் ஆசிரியர், மெதுவாக.

அக்கா சிரித்துவிட்டார். எனக்கு அப்போதே நூல் முடிவாகிவிட்டது. ஏனென்றால் அதே காதையின் கடைசியில் பூதவாதி வருகிறார். காட்சி தவிர வேறு அளவை வேண்டாம் என்கிறவர். மணிமேகலை அவரை மடக்கக் கேட்கும் கேள்வி, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்பது. காதையின் தொடக்கத்தில் குற்றத்துக்கு உதாரணமாக வந்த அதே தாய் தந்தை, முடிவில் அனுமானத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கிறார்கள். சாத்தனார் தெரிந்து செய்தாரா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கிறவரை நிறுத்தி யோசிக்கவைக்க இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அக்காவின் கேள்வியை ஒவ்வொரு கட்சியிடமும் கொடுத்துப் பாருங்கள், வேறுபாடு பளிச்சென்று தெரியும். நியாயத்தார் பக்கத்து வீட்டு அம்மா ஆப்தரா என்று கேட்பார்கள்: அவருக்கு நேரில் தெரியுமா, உள்ளதைச் சொல்லும் எண்ணமா, கோபத்தில் சொன்னதா? தெரிந்திருந்து உண்மையாகச் சொன்னால் அது உரை அளவை, அவர் ரிஷியாக இருக்க வேண்டியதில்லை. பௌத்தரும் அதே விசாரணையைத்தான் செய்வார், ஆனால் முடிவை அனுமானம் என்று எழுதிக்கொள்வார். மீமாம்சையர் இன்னொரு திசை: பன்னிரண்டு வருடம் இருந்த அறிவு, மறுக்கும் சொல் வரும்வரை நின்றது; வந்தது, விழுந்தது; இதில் அந்தக் குழந்தை ஏமாந்ததாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கடைசிப் பதில்தான் எனக்கு அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடியதாகப் பட்டது. தத்துவத்தில் இதெல்லாம் வாதம் ஆகாது என்று தெரியும்.

29ஆம் காதை இதற்கு மறுபக்கம். மணிமேகலையின் குருவான அறவண அடிகள் பௌத்த அளவையைச் சொல்கிறார்: ஆதி சினேந்திரனுக்கு, அதாவது புத்தருக்கு, அளவை இரண்டே. பௌத்தத் தருக்க ஆசான் திக்நாகரின் பிரமாண சமுச்சயத்தைத் திபெத்திய மொழிபெயர்ப்பைக் கொண்டே பெரிதும் படிக்க வேண்டியிருந்தது. அந்த மரபின் தருக்கம் தமிழ்ப் பாட்டுக்குள், சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசத்தோடு மிக நெருங்கிய வடிவில், நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. இங்கேயும் ஒரு வேடிக்கை. 27இல் குற்றப் பட்டியலில் முதலாவதாக இருந்த சுட்டுணர்வு, அதாவது ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் காண்பது, 29இல் காட்சியின் இலக்கணமாகவே ஆகிவிடுகிறது. பெயர், சாதி, குணம், தொழில் எல்லாம் நாம் மேலே ஒட்டுவது என்பது பௌத்தர் கருத்து. கருமேகம் பார்த்து மழை என்பதுபோலக் காரணத்திலிருந்து காரியத்தைக் கருதுவது பிழைக்கலாம், புகை பார்த்துத் தீ என்பதுபோலக் காரியத்திலிருந்து கருதுவதுதான் பிழையாது என்றும் அடிகள் சொல்கிறார். ஈசூனில் இருட்டிக்கொண்டு வந்து ஜூரோங்கில் கொட்டும் மழையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

இந்தக் காதையின் பின்பாதி கடினம், மறைக்கவில்லை. வாதத்தில் வரும் பிழைகளைப் போலி என்பார்கள்: பக்கப்போலி (உறுதிமொழியில் பிழை) ஒன்பது, ஏதுப்போலி (காரணத்தில் பிழை) பதினான்கு, திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) பத்து. முப்பத்து மூன்றையும் படிக்க நினைத்தால் தருக்க சங்கிரகத்துக்குச் சொன்ன தூக்கம் இங்கேயும் வரும். நாங்கள் ஏதுப்போலியில் நாலைந்து மட்டும் எடுக்கப்போகிறோம்.

ஆக, நான் குழுவிடம் வைத்த திட்டம்: முதல் இரண்டு ஞாயிறு 27ஆம் காதை, மூன்றாவது 29இன் முன்பகுதி, நான்காவது தருக்க சங்கிரகத்தில் உரைப் பகுதி மட்டும், வாத்ஸ்யாயனரின் அந்த வரியோடு. கடைசி இரண்டும் சித்தியாரின் 14 பாட்டு, ஆசிரியர் நடத்துவார். மென்பொருள்காரர்கள் இருவரும் தருக்க சங்கிரகத்துக்கு ஒரே நாளா என்று முணுமுணுத்தார்கள், வாக்கெடுப்பில் தோற்றார்கள். உங்கள் குழுவில் எல்லாரும் சைவ மரபில் வந்தவர்கள் என்றால் சித்தியாரிலிருந்தே தொடங்குங்கள், மணிமேகலையைக் கட்டாயப்படுத்த மாட்டேன். தனியாகப் படிக்கிறவர், வரையறை மனதில் நிற்கிறவர் என்றால் தருக்க சங்கிரகம் வேகமாகப் போகும்.

27ஆம் காதையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து எடுத்துவரச் சொல்லி அக்கா செய்தி அனுப்பியிருக்கிறார். அளவைவாதி பகுதியை அவரே படிப்பாராம்.